எல்லைக்கல்லுக்கு வெளியே



கோயில் காடுகள் பற்றிப் போன இதழில் வெளியான கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பாராட்டுகளுக்கு நன்றி, எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியவர்களுக்கு இரட்டை நன்றி. அந்தக் கட்டிலிருந்து இரண்டு கடிதங்களை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்.

ஒன்று புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியது. அவர் ஊருக்கு மேற்கே ஒரு குன்று. மேலே வற்றாத சுனை, அடிவாரத்தில் ஐயனார். சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள் ஒவ்வொன்றாக நெருங்கி வருகின்றன. "எங்கள் குன்றை அரசாங்கமே பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டுமானால் யாருக்கு மனு எழுதுவது, எப்படி எழுதுவது?" என்று கேட்டிருக்கிறார்.

இன்னொன்று தேனி மாவட்டத்து இளைஞர் எழுதியது. அவர் கேட்பது நேர் எதிர். "பாதுகாக்கிறோம் என்று ஒரு போர்டு நட்டால் மறுநாளே எங்கப்பா மாட்டைப் பத்திக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது. இதை நாங்களே கேட்டு வாங்க வேண்டுமா ஐயா?"

இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்து கிராம சபையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் கூட்டம் கலகலப்பாக இருந்திருக்கும். இருவருக்கும் தனித்தனியே பதில் எழுதப் பார்த்தேன். ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியதை மாட்டுக்காரர் மகனை விட்டுவிட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தப் பக்கத்தையே பதிலாக்கிவிட்டேன்.

பேச்சை அரிட்டாபட்டியிலிருந்து தொடங்கலாம். மதுரையிலிருந்து மேலூர் போகும் நாற்கரச் சாலையில் நரசிங்கம்பட்டியில் பிரிந்து உள்ளே போனால் வருகிற ஊர். ஊரைச் சுற்றி ஏழு பாறைக் குன்றுகள். தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டைப் பாறை. 'இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது?' என்றுதான் யாருக்கும் தோன்றும். மழை பெய்யும்போது பார்க்க வேண்டும். பாறை தண்ணீரைக் குடிக்காது. விழுந்த மழையெல்லாம் சறுக்கி இறங்கிப் பள்ளங்களில் சுனையாகத் தேங்கும், மிச்சம் ஓடையாகிக் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு. அரசாணைக் கணக்குப்படி இந்தக் குன்றுகள் 72 ஏரிகளுக்கும் 200 சுனைகளுக்கும் 3 தடுப்பணைகளுக்கும் நீர் கொடுக்கின்றன. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாயும் அதில் ஒன்று. பறவைகள் மட்டும் 250 வகையளவில். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. செங்குத்துப் பாறை முகடு இல்லாத இடத்தில் ஷாகின் வல்லூறின் கூட்டைத் தேடி அலைந்து பெரும்பாலும் பயனில்லை. கீழே புதர்களில் தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு இந்த இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இன் 37-ஆம் பிரிவு கொடுக்கும் அதிகாரம் அது. மாநிலத்தில் அந்தப் பெயர் பெற்ற முதல் இடம் அரிட்டாபட்டிதான். நாட்டில் முதலாவது 2007-இல் அறிவிக்கப்பட்ட, பெங்களூரு தேவனஹள்ளி அருகே உள்ள நல்லூர்ப் புளியந்தோப்பு. நம் முறை வரப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அது வேறு கதை. அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாகச் சேர்த்து அறிவிக்கப்பட்ட பரப்பு 193.215 ஹெக்டேர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் தேவைப்படும்.

அங்கே கழிஞ்சமலையில் சமணத் துறவிகள் தங்கிய இயற்கைக் குகைத்தளம் ஒன்று இருக்கிறது. பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே போகாமல் ஓரமாக இறங்குவதற்காக. அந்தக் காடியை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்துகள். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைக் கொடையாகக் கொடுத்தார் என்பது செய்தி. வயது இரண்டாயிரத்துக்கும் மேல். இன்னொரு பக்கத்தில் தீர்த்தங்கரர் உருவம் ஒன்று; கீழே வட்டெழுத்து. அச்சணந்தி என்னும் துறவி இதைச் செய்வித்தார், இது பாதிரிக்குடியார் காவலில் இருக்கிறது என்கிறது அந்தக் கல்வெட்டு. நான் அங்கே அதிக நேரம் நின்றது அந்தப் பாதிரிக்குடியார் முன்னால்தான். எதைச் செய்தோம், யார் செய்தோம், யார் காவல் என்று மூன்றையும் ஒரு முழ நீளத்துக்குள் பாறையில் எழுதி முடித்திருக்கிறார்கள். காவலுக்கு ஓர் அதிகாரியின் பெயரை எழுதவில்லை. ஓர் ஊரின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

2024 நவம்பர் 7 அன்று மத்தியச் சுரங்க அமைச்சகம் ஓர் ஏல முடிவை வெளியிட்டது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி. வென்றது வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம். பரப்பு 2015.51 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரக் குன்றுகளும் இருந்தன. 2023-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்துவிட்டது. மாநிலம் அப்போதே எதிர்க்கவில்லை என்று டெல்லியும், ஆரம்பத்திலேயே எதிர்த்தோம் என்று சென்னையும் சொல்லிக்கொண்டன. அந்த வழக்கை விட்டுவிடுவோம். இரண்டு பேரில் எவரும் ஏலத்துக்கு முன்னால் அரிட்டாபட்டி கிராம சபையைக் கூட்டி 'உங்கள் ஊரில் இப்படி ஒரு வேலை நடக்கப்போகிறது' என்று சொல்லவில்லை. ஊருக்குச் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்தது.

மேலூர்க்காரர்களுக்குப் பாறையை வெட்டினால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கீழவளவு, கீழையூர்ப் பக்கம் கிரானைட் எடுத்த குழிகளை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். 2012-இல் அந்தக் கிரானைட் முறைகேடு நாடறிந்த செய்தியானது. 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை விசாரணைக்கு அனுப்பியது. எத்தனையோ கண்மாய்களின் வரத்துக் கால்வாய்கள் கல்குவியலுக்கு அடியில் போனதை அந்த வட்டாரமே அறியும். அந்த அறிவோடுதான் ஊர் திரண்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் கட்சி வேறுபாடில்லாமல் ஒரு தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத் தபால் நிலையத்தை நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

டங்ஸ்டன் நாட்டுக்கு வேண்டாமா என்று கேட்கும் வாசகர்களும் நமக்கு உண்டு. வேண்டும்தான். துளைக்கருவி முனையிலிருந்து ராணுவத் தளவாடம் வரை அது இல்லாமல் ஆகாது. எங்கே, யாரிடம் கேட்டு, என்ன விலைக்கு என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு அரிட்டாபட்டி தன் பங்குக்குப் பதில் சொல்லிவிட்டது.

ஆனால் இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியது வெற்றி அன்று வெடித்த வெடி இல்லை. அதற்கு முன், டிசம்பர் 24 அன்று அமைச்சகம் வெளியிட்ட ஓர் அறிக்கை. போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். மொத்தத் தொகுதி 20.16 சதுர கிலோமீட்டர், அதில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் வெறும் 1.93 சதுர கிலோமீட்டர்தான், அந்தப் பகுதியை மட்டும் விலக்கி எல்லையை மாற்றியமைக்க முடியுமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டிருக்கிறோம் என்றது அது. மேலோட்டமாகப் படித்தால் இறங்கி வந்த மாதிரி இருக்கும். 193 ஹெக்டேரை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் ஆயிரத்து எண்ணூறு ஹெக்டேர் எங்களுக்கு என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

அறிவிப்பின் பலமும் பலவீனமும் ஒரே தாளில் தெரிந்த இடம் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஓர் அரசாணை இல்லாவிட்டால் அந்த மறுபரிசீலனைக்கே வழியில்லை. சுற்றிலும் உள்ள நாயக்கர்பட்டியிலும் வல்லாளப்பட்டியிலும் கிடாரிப்பட்டியிலும் கண்மாயும் கோயிலும் வயலும் இல்லையா? இருந்தன. ஆனால் அவற்றைக் காட்டி டெல்லியில் பேச ஒரு கெஜட் எண் இல்லை. அதே சமயம், ஒரு கோடு போட்டவுடன் கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் 'அப்படி ஒன்றும் முக்கியமில்லை' என்று தானாகவே ஆகிவிடுகிறது. குன்றைக் காப்பாற்றி, குன்று தண்ணீர் கொடுக்கும் கண்மாயைத் தோண்டினால் மிஞ்சுவது என்ன? அந்த மக்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். "மலையை மட்டும் விட்டுக்கொடுக்கிறோம்" என்ற சமாதானத்துக்கு அவர்கள் இசையவில்லை. மொத்த ஏலமும் போக வேண்டும் என்று நின்றார்கள். அறிவிக்கப்படாத நாயக்கர்பட்டிக்காக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் நின்றது என்பதே அந்தப் போராட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எனவே புதுக்கோட்டை ஆசிரியருக்கு என் முதல் பதில்: கேளுங்கள், குவாரி லாரி வருவதற்கு முன்பே கேளுங்கள். ஆனால் குன்றை மட்டும் கேட்காதீர்கள். மழைத்தண்ணீர் இறங்கி ஓடும் ஓடைக்கும் அது போய்ச் சேரும் கண்மாய்க்கும் சர்வே எண் எடுத்துச் சேர்த்துக் கேளுங்கள்.

'முன்பே' என்று அழுத்திச் சொல்ல எனக்குச் சென்னைக்காரனின் காரணம் ஒன்று உண்டு. பள்ளிக்கரணை. பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் வந்து இளைப்பாறி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் கழிமுகத்தில் கடல் சேர்கிற இடம். அரை நூற்றாண்டுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்கிறார்கள். ரெவின்யூ கணக்கில் அதற்கு இருந்த பெயர் உபயோகமற்ற தரிசு. உபயோகமற்றது என்று எழுதிவிட்ட பிறகு உபயோகப்படுத்துவதுதானே அரசாங்கத்தின் கடமை? குப்பைக்கிடங்கு வந்தது, கழிவுநீர் நிலையம் வந்தது, பறக்கும் ரயில் நிலையம் வந்தது, நட்டநடுவே துரைப்பாக்கம் – பல்லாவரம் இருநூறடிச் சாலை வந்தது. கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலைக்கும் என்று தொடங்கிய மத்திய அரசு ஆய்வு நிறுவனங்கள்கூட அங்கேயே இடம் பிடித்தன. ஆக்கிரமிப்பு என்றதும் குடிசைக்காரனைக் கைகாட்டுவது நமக்குப் பழக்கம். பள்ளிக்கரணையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது அரசாங்கம்.

2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சதுப்பு நிலத்துக்குக் காப்புக்காடு என்று பெயர் வைத்தது விநோதம்தான். வனத்துறை கையில் ஒப்படைக்க அப்போது அதுதான் கைவசம் இருந்த வழி. 2022 ஏப்ரலில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. பரப்பு ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். அதற்காகப் பல ஆண்டுகள் நடையாய் நடந்தவர்களை இந்த நகரம் மறக்கக் கூடாது. கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு ஈரநிலப் பணிக்காக 2025-இல் ராம்சார் விருதே கிடைத்தது. ஆனாலும் அறிவிப்பு வந்தபோது சுற்றி நின்றவை அடுக்குமாடிகள். கோடு எங்கே போகிறது, அதற்கு வெளியே எவ்வளவு தூரம் கட்டடம் கூடாது என்று பிறகுதான் சண்டை தொடங்கியது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும் வரை சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்றது. ஏற்கெனவே அங்கே வீடு வாங்க முன்பணம் கட்டியவர்கள் புலம்பினார்கள். அவர்கள் புலம்பலிலும் நியாயம் இருக்கிறது. 1980-லேயே இதைச் செய்திருந்தால் யாரும் புலம்ப வேண்டியிருந்திருக்காது. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் படகு ஓட்ட வேண்டியும் வந்திருக்காது என்று சொன்னால் கொஞ்சம் மிகை, படகுகள் குறைந்திருக்கும்.

கோடு ஒருமுறை போட்டுவிட்டால் நிலைத்துவிடும் என்றும் இல்லை. வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட விவசாயிகள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவை சுடுவதைப் பொறுக்காமல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள். ஒரு கிராமம் மனு போட்டுச் சரணாலயம் வாங்கிய கதை நம்மிடம் அத்தனை பழையது. 1998-இல் ஏரியோடு சேர்த்து அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு, ஏரியில் கூடு கட்டும் பறவை ஏரியிலேயே இரை தேடுவதில்லை, பக்கத்து ஊர் வயல்களுக்கும் குட்டைகளுக்கும்தான் போகிறது. 2020-இல் அந்த ஐந்தை மூன்றாக்க ஒரு முன்மொழிவு கிளம்பியது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. அந்த நாட்களில் நம் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளிப் பிள்ளைகள் எழுதியவை. ஒரு பிள்ளை நாரை படம் வரைந்து, அதன் அலகில் ஓர் இஞ்ச் டேப்பைக் கொடுத்திருந்தது.

இனி தேனித் தம்பிக்கு.

உங்கள் பயத்தை நான் வெறும் சந்தேகம் என்று தள்ளிவிட மாட்டேன். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். முதலில் எல்லாக் காடுகளுக்கும். பிறகு திருத்திச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும். மலைமாடு வளர்க்கும் வருசநாட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும்? கிடைமாட்டுக்காரருக்கு மேய்ச்சல் நிலம் என்பது பட்டா இல்லாத சொத்து. அதை எந்தத் தாளிலும் எழுதி வைக்காததால், யார் எதை அறிவித்தாலும் முதலில் இழப்பவர் அவர்தான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமைக்கு இடம் இருக்கிறது. சட்டத்தில் இருப்பது வேறு, செக்போஸ்டில் கிடைப்பது வேறு என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் எல்லா அறிவிப்பும் ஒன்றில்லை. சரணாலயம் என்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. உள்ளே போக வர, மேய்க்க, விறகு பொறுக்க எல்லாவற்றுக்கும் வனத்துறை அனுமதி. காப்புக்காடு அதற்கும் பழைய, 1882-ஆம் ஆண்டுச் சட்டம். ராம்சார் என்பது உலக அளவில் கிடைக்கும் மரியாதை. நடைமுறையில் கட்டுப்படுத்துவது ஈரநில விதிகள். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. உள்ளாட்சி அமைப்பைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஊர்மக்கள் அதுவரை செய்து வந்ததை, அவர்களே விரும்பி விட்டுக்கொடுத்தால் ஒழிய, இந்த அறிவிப்பு தடுக்கக் கூடாது என்பது தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல். பொருளாதாரமாக யாருக்காவது பாதிப்பு வந்தால் ஈடுகட்ட மாநில அரசு திட்டம் வகுக்கவும் அந்த 37-ஆம் பிரிவிலேயே இடம் உண்டு. அரிட்டாபட்டியில் அறிவிப்புக்கு முன் ஆடு மேய்த்தவர்கள் இப்போதும் மேய்க்கிறார்கள்.

இதில் குறையும் உண்டு. வனத்துறைக் காவலர் இல்லாத இடத்தில் காவலை யார் பார்ப்பது? ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு பார்க்க வேண்டும் என்பது சட்டத்தின் 41-ஆம் பிரிவு. எத்தனை ஊராட்சிகளில் அந்தக் குழு தாளைத் தாண்டி இருக்கிறது என்று நீங்களே உங்கள் தலைவரைக் கேட்டுப் பாருங்கள். குழுவில் யார் யார் என்று குழுவில் இருப்பவருக்கே தெரியாத ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். பாதிரிக்குடியார் இருந்த இடத்தில் இப்போது ஒரு கையெழுத்துப் பட்டியல் இருக்கிறது. தம்பி, உங்கள் அப்பா இருக்க வேண்டியது அந்தக் குழுவில்தான். குன்றின் எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்தப் புதரில் அழுங்கு வளை இருக்கிறது, வல்லூறு எந்த முகட்டில் முட்டையிடும் என்பதெல்லாம் மாட்டோடு மலை ஏறுகிறவருக்குத் தெரிந்த அளவு எந்த ஆய்வாளருக்கும் தெரியாது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். பல இடங்களில் அதை வெளியூர் ஆட்கள் இரண்டு நாளில் வந்து நிரப்பிவிட்டுப் போகிறார்கள். உங்கள் அப்பாவைக் கேட்டு நிரப்பினால் அதில் மேய்ச்சல் பாதையும் ஏறும். ஏறிவிட்டால் நாளைக்கு அதை இல்லை என்று சொல்ல முடியாது. அறிவிப்பைக் கண்டு ஒதுங்கி நின்றால் எழுதுகிறவர் உங்களை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்.

ஆசிரியர் ஐயா கேட்ட வழிமுறை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். இணையத்திலும் தமிழக அரசின் நில ஆவணப் பக்கத்தில் சர்வே எண் கொடுத்தால் கிடைக்கிறது. குன்று 'கல்லாங்குத்து' என்று இருக்கிறதா, 'பாறை' என்றா, 'தீர்வை ஏற்படாத தரிசு' என்றா, 'மேய்க்கால் புறம்போக்கு' என்றா? குவாரி ஏல அறிவிப்பு வரும்போது கண் முதலில் போவது இந்த வரிக்குத்தான். அடுத்து ஊரில் இருப்பதை எழுதி வையுங்கள். ஒரு வருசம் முழுக்க, கோடையும் ஐப்பசி மழையும் இரண்டும் வருகிற மாதிரி. பறவை, மரம், சுனை, கல்வெட்டு, கோயில் எல்லாவற்றையும் தேதியோடு, படத்தோடு. பறவைப் பெயர் தெரியாவிட்டால் ஊரில் சொல்லும் பெயரையே எழுதுங்கள். பிறகு கிராம சபையில் தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் பக்க எண்ணோடு ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். அந்த நகலோடு தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் விண்ணப்பம். நடக்குமா என்றால், 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காட்டுக்கு அந்த அறிவிப்பு வந்தது. பரப்பு 4.97 ஹெக்டேர், பன்னிரண்டேகால் ஏக்கர்தான். அதே ஆண்டில் ஈரோடு மாவட்டம் எலத்தூர் ஏரியும் சேர்ந்தது. சின்ன இடம் என்று யாரும் கதவைச் சாத்தவில்லை.

இன்னும் ஒன்று, இது என் சொந்த அபிப்பிராயம். அறிவிப்பு வந்த மறுநாள் சுற்றுலாத் தலமாக்கச் சொல்லி மனு போடாதீர்கள். சிமெண்ட் படிக்கட்டும் செல்ஃபி முனையும் வந்துவிட்டால் வல்லூறுக்கு டங்ஸ்டன் சுரங்கமே பரவாயில்லை என்று ஆகிவிடும். கல்வெட்டுக்குப் பக்கத்தில் இதயம் வரைந்து அம்பு விட்டிருக்கும் காதலர்களைப் பற்றித் தனியாக ஒரு தலையங்கமே எழுதலாம். எழுதினால் அவர்கள் படிக்கப்போவதில்லை.

இந்த இதழில் வேடந்தாங்கல் விவசாயிகளுடன் ஒரு நீண்ட உரையாடல் இருக்கிறது, 24-ஆம் பக்கத்தில். தீபாவளிக்கு வெடி வெடிக்காத சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி பற்றிய படக்கட்டுரை நடுப்பக்கத்தில். சிறுகதைகள் வழக்கமான இடத்தில்.

அடுத்த இதழுக்கு உங்களிடமிருந்து ஒரு வேலை வேண்டும். உங்கள் ஊர்க் குன்று, கண்மாய், கோயில் காடு, மேய்க்கால் ஏதாவது ஒன்றின் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வரியை அப்படியே ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அதற்குக் கீழே, அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று நான்கு வரி. மாவட்டவாரியாகப் பிரித்து, இரண்டையும் அருகருகே அச்சிடுவோம். அஞ்சலட்டைகள் இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது. புதுக்கோட்டை ஆசிரியருடையது ஏற்கெனவே வந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறோம். தேனித் தம்பி, உங்கள் அப்பாவின் மேய்ச்சல் பாதையில் வரும் சர்வே எண்கள் எத்தனை இருந்தாலும் அனுப்புங்கள். அஞ்சலட்டையில் இடம் போதாவிட்டால் கவரில் வைத்து அனுப்புங்கள், தபால் செலவு நம்முடையது.

அன்புடன்,
ஆசிரியர்